சர்வர் நிரல்களில் நினைவகக் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிணையத்தில் இரவும் பகலும் ஓடும் நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. பயனர் சார்பில் இணையப் பக்கங்களை வாங்கித் தரும் ப்ராக்ஸி, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ், செய்திகளை வாங்கி அனுப்பும் சிறு சர்வர்கள் எல்லாம் இதில் அடங்கும். என்னிடம் வருகிற புகார்களில் "நினைவகம் கசிகிறது" என்பதுபோல் அடிக்கடி வருவதும் இல்லை, அதுபோல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இல்லை. புகார் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் பார்த்த எண் உண்மையாகவே ஏறியிருக்கிறது. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே கூடியவரை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸையும் சி, சி++ மொழிகளையும் ஒட்டியவை.

1. நினைவகம் கசிகிறது என்கிறார்களே, எது எங்கே ஒழுகுகிறது?

எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. நிரல் வேலை செய்யும்போது இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர மறந்து, அந்த இடத்தின் முகவரியையும் தொலைத்துவிட்டால் அதுதான் கசிவு. அந்த இடம் நிரலுக்கும் பயன்படாது, மற்றவர்களுக்கும் பயன்படாது. நிரல் நிற்கும்வரை முடங்கியே கிடக்கும்.

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரக் கடைதான் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. கடையிலிருந்து மொத்தமாக எடுத்துவருகிற சமையல் ஒப்பந்தக்காரர்தான் மல்லாக் என்ற ஒதுக்கீட்டு நூலகம். அவரிடம் அண்டா கொடு, கரண்டி கொடு என்று கேட்டு வாங்குகிற சமையல்காரர் உங்கள் நிரல். சமையல்காரர் கரண்டியை எங்கோ போட்டுவிட்டு, அடுத்த பந்திக்கு இன்னொன்று கேட்டால், ஒவ்வொரு பந்திக்கும் இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால், அது கசிவு. இந்த மூன்று பேரையும் நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்கள்.

2. கசிவு என்றால் எங்கள் கடவுச்சொற்கள் வெளியே போய்விடுமா?

போகாது. இரண்டும் வேறு. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்பை மறைகுறியாக்கும் நூலகம்) குறைபாட்டால்தான் இந்தக் குழப்பம் பலருக்கு வந்தது. அதில் எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ள முடிந்தது. அது தகவல் கசிவு. இந்தப் பக்கம் பேசுவது இடம் வீணாவதைப் பற்றி மட்டுமே. ஆனால் இதிலும் ஒரு பாதுகாப்புக் கோணம் உண்டு: கசிவு எந்தக் கோரிக்கையால் நேர்கிறது என்று வெளியாள் கண்டுபிடித்துவிட்டால், அதே கோரிக்கையை லட்சம் முறை அனுப்பி சர்வரைச் சாய்த்துவிட முடியும்.

3. டாப் கட்டளையில் காலையில் 200 எம்பி, மாலையில் 900 எம்பி. கசிவுதானே?

டாப் என்பது ஓடும் நிரல்களின் அளவைப் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளை. அதில் எந்தப் பத்தியைப் பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். 'விர்ட்' என்ற பத்தி, நிரல் தனக்கென்று குறித்துவைத்த முகவரிகளின் மொத்தம். குறித்துவைத்ததெல்லாம் ராமில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லினக்ஸில் பொதுவாகப் பயன்படும் கிளிப்சி நூலகம், திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒன்றையொன்று காத்திருக்க வைக்காதபடி அவற்றுக்குத் தனித்தனி ஒதுக்கீட்டுப் பகுதிகளை உண்டாக்குகிறது. 64 பிட் கணினியில் இப்படி ஒவ்வொரு முறையும் 64 எம்பி முகவரி இடம் குறித்துவைக்கப்படும். கணினியின் கோர் எண்ணிக்கையைப் போல் எட்டு மடங்கு வரை பகுதிகள் உருவாகலாம். எட்டு கோர் கணினியில் 64 பகுதிகள், 4 ஜிபி. இத்தனைக்கும் உண்மையில் தொட்டது சில எம்பிதான் இருக்கும். 'விர்ட்' எண்ணைக் காட்டி வருகிற புகாரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

'ரெஸ்' என்ற பத்திதான் ராமில் இப்போது உட்கார்ந்திருக்கும் அளவு. அதைப் பாருங்கள். அதுவும் தனியாகப் போதாது: நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகங்களும், நினைவகத்தில் பொருத்தப்பட்ட கோப்புகளும் அதில் சேர்ந்தே வரும். நிரல்களின் நிலையைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பில் அந்த நிரலின் 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்தால், லினக்ஸ் 4.5 முதல் இது மூன்றாகப் பிரித்துத் தரப்படுகிறது: நிரல் தானே வாங்கிய இடம், கோப்புகளிலிருந்து வந்த இடம், பகிர்ந்த இடம். கசிவைத் தேடும்போது முதலாவதான 'ஆர்எஸ்எஸ் அனான்' எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. சர்வரில் 16 ஜிபி ராம். 'ஃப்ரீ' என்ற இடத்தில் 300 எம்பிதான் காட்டுகிறது. மிச்சத்தை யார் விழுங்கினார்கள்?

பெரும்பாலும் கெர்னலே வைத்திருக்கிறது. வட்டிலிருந்து படித்த கோப்புகளை, மறுபடி கேட்டால் உடனே தருவதற்காக, சும்மா கிடக்கும் ராமில் வைத்துக்கொள்ளும். வேறு நிரல் இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். 'ஃப்ரீ' எண் குறைவாக இருப்பது நல்ல சர்வரின் இயல்பு. பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற எண். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2014-இல் லினக்ஸ் 3.14-இல் அதைச் சேர்த்தார்கள்.

5. எல்லா இணைப்புகளும் மூடிவிட்டன, நிரல் சும்மா இருக்கிறது. ஆனாலும் நினைவகம் இறங்கவில்லையே?

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது வருகிறது. சமையல்காரர் பாத்திரத்தைத் திருப்பித் தந்தது ஒப்பந்தக்காரரிடம்தான், கடையில் அல்ல. நாளைக்கும் முகூர்த்தம் இருக்கும் என்று ஒப்பந்தக்காரர் அதை மண்டபத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார். மல்லாக் நூலகம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பெரிய துண்டுகளைத் தொடக்கத்தில் கெர்னலிடம் நேரடியாக வாங்கி நேரடியாகத் திருப்பிவிடும். அப்படி ஒன்றைத் திருப்பியதும் அந்த வரம்பையே உயர்த்திக்கொள்ளும். சிறு துண்டுகளோ ஹீப் என்ற அடுக்கிலிருந்து வருகின்றன. அந்த அடுக்கு மேலிருந்துதான் தானாகக் குறையும். உச்சியில் ஒரு 40 பைட் துண்டு உயிரோடு இருந்தால் போதும், அதன் கீழே காலியாகக் கிடக்கும் 600 எம்பி அப்படியே நிற்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மல்லாக் நூலகத்தில் 'மல்லாக் டிரிம்' என்ற செயற்கூறு இருக்கிறது. அடுக்கின் நடுவில் முழுப் பக்கமாக (கெர்னல் நினைவகத்தைப் பிரித்துத் தரும் அலகு) காலியாக இருக்கும் இடங்களைக்கூடக் கெர்னலிடம் திருப்பிவிடும். சோதனைச் சர்வரில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி வழியாக அதை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நினைவகம் சட்டென்று இறங்கினால் அது கசிவு அல்ல, அடுக்கி வைத்த பாத்திரம். உண்மைப் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். நிரல் ஏதாவது ஒதுக்கீட்டின் நடுவில் பூட்டோடு நின்றிருந்தால் அப்படியே உறைந்துவிடும்.

இறங்காமல் போனாலும் உடனே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு துண்டு உயிரோடு சிதறிக் கிடந்தால் எந்தப் பக்கத்தையும் திருப்ப முடியாது. இந்தச் சிதறல் தனி நோய். அதற்கு ஜெமல்லாக் போன்ற வேறு ஒதுக்கீட்டு நூலகத்துக்கு மாறுவதோ, ஒதுக்கீட்டுப் பகுதிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதோ பலன் தரும்.

6. அப்படியானால் உண்மையான கசிவை எதை வைத்துக் கண்டுகொள்வது?

கடிகாரத்தை வைத்து அளக்காதீர்கள், வேலையை வைத்து அளங்கள். "ஒரு வாரத்தில் 2 ஜிபி ஏறியது" என்ற வாக்கியத்தில் எனக்குப் பயன்படுவது எதுவும் இல்லை. அந்த வாரத்தில் எத்தனை கோரிக்கைகள், எத்தனை இணைப்புகள், எத்தனை தோல்விகள் என்று தெரிந்தால்தான் அந்த 2 ஜிபி பேசத் தொடங்கும்.

ஒரே மாதிரியான கோரிக்கையைப் பத்தாயிரம் முறை அனுப்புங்கள். அளவைக் குறியுங்கள். மறுபடி பத்தாயிரம், மறுபடி குறியுங்கள். 180 எம்பியில் தொடங்கி 240, 246, 247 என்று போனால் நிரல் சூடேறி நிலைக்கு வந்துவிட்டது, கசிவில்லை. 180, 200, 220, 240 என்று ஒவ்வொரு சுற்றிலும் அதே 20 எம்பி ஏறினால் ஒவ்வொரு கோரிக்கையும் சுமார் 2 கிலோபைட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றை எப்போதும் கணக்கிலிருந்து விலக்குங்கள். கேஷ் (மறுபயன்பாட்டுக்கு எடுத்துவைக்கும் இடம்) நிரம்புவதும், நூலகங்கள் ஏறுவதும், திரெட்டுகள் பிறப்பதும் அந்தச் சுற்றில்தான்.

நான்கு புள்ளிகளாவது இல்லாமல் நான் வாயைத் திறப்பதில்லை. இரண்டு புள்ளிகளை வைத்து எந்தக் கதையையும் சொல்லிவிடலாம்.

7. ஸ்குவிட் ப்ராக்ஸியில் 'கேஷ் மெம்' 256 எம்பி என்றுதான் எழுதியிருக்கிறேன். அது 4 ஜிபி எடுக்கிறது. ஸ்குவிடில் கசிவு உண்டா?

ஒரு கல்லூரியிலிருந்து இதே புகார் வந்தது. நாளுக்கு நாள் ஏறுகிறது, ஐந்து வாரமாக இறங்கவே இல்லை, 4 ஜிபி ராம் தீர்ந்து சர்வர் ஊர்கிறது. அவர்கள் வரைந்து அனுப்பிய கோடு, பாடப்புத்தகத்தில் கசிவுக்குப் போடும் படம் போலவே இருந்தது. அமைப்புக் கோப்பை வாங்கிப் பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன்பு புதிய வட்டு வந்த மகிழ்ச்சியில், வட்டுக் கேஷை 100 ஜிபியிலிருந்து 300 ஜிபிக்கு உயர்த்தியிருந்தார்கள்.

'கேஷ் மெம்' என்பது முழு நிரலுக்கான வரம்பு அல்ல. இப்போது பரிமாறிக்கொண்டிருக்கும் பொருள்களுக்கும், அடிக்கடி கேட்கப்படும் பொருள்களுக்கும் ராமில் ஒதுக்கும் இடம் மட்டுமே. வட்டில் என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணையை ஸ்குவிட் தனியாக ராமில் வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில் வட்டின் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 14 எம்பி ஆகும் என்று ஸ்குவிட் ஆவணமே சொல்கிறது. 100 ஜிபிக்கு 1.4 ஜிபி, 300 ஜிபிக்கு 4.2 ஜிபி. வட்டு ஒரே நாளில் நிரம்பாது, மாணவர்கள் பார்க்கப் பார்க்கத்தான் நிரம்பும். அதனால்தான் அட்டவணையும் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து கசிவு போலவே காட்சியளித்தது. வட்டுக் கேஷை 120 ஜிபியாகக் குறைத்தார்கள், கோடு படுத்துவிட்டது.

புகார் தந்தவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அவர் கவனித்து, வரைந்து, அமைப்புக் கோப்பையும் சேர்த்து அனுப்பியதால்தான் அரை மணி நேரத்தில் முடிந்தது. எந்தச் சர்வரானாலும் 'இவ்வளவு' என்று நீங்கள் எழுதிய வரம்பு எதற்கான வரம்பு என்று ஆவணத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

8. டாரெண்ட் நிரல் புதிய பதிப்புக்கு மாறியதும் ராம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இது கசிவு இல்லாமல் வேறென்ன?

பல டாரெண்ட் நிரல்கள் பயன்படுத்தும் லிப்டாரெண்ட் நூலகத்தின் 2.0 பதிப்பு, கோப்புகளை நேரடியாக நினைவகத்தில் பொருத்திப் படிக்கவும் எழுதவும் தொடங்கியது. அப்படிப் பொருத்திய கோப்பின் பக்கங்கள் நிரலின் கணக்கில் எழுதப்படுகின்றன. நடைமுறையில் அவை நான்காம் கேள்வியில் சொன்ன கெர்னலின் கோப்புக் கேஷ்தான், எழுதியிருக்கும் பேரேடு மட்டும் வேறு. மூன்றாம் கேள்வியில் சொன்ன பிரிவினையைப் பார்த்தால் ஏறுவது கோப்புப் பங்கு என்று உடனே தெரிந்துவிடும். அதே சமயம், இதனால் கணினி உண்மையாகவே மந்தமாகிறது என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். கசிவு இல்லை என்பதும் தொல்லை இல்லை என்பதும் ஒன்றல்ல.

9. பிணைய நிரல்களில் கசிவு பொதுவாக எங்கே ஒளிந்திருக்கும்?

தோல்விப் பாதையில். நல்லபடியாக முடியும் கோரிக்கையை எழுதியவரும் சோதித்திருப்பார், பயன்படுத்துவோரும் நாளெல்லாம் சோதிக்கிறார்கள். பாதியில் அறுந்த இணைப்பு, காலாவதியான டிஎன்எஸ் பதில், சான்றிதழ் பொருந்தாத எதிர்முனை, இவற்றை யாரும் சோதிப்பதில்லை. டிஎன்எஸ் நூலகம் தரும் முகவரிப் பட்டியலைத் தோல்வியின்போது விடுவிக்க மறப்பது மிகப் பழைய பிழை. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்திடம் எதிர்முனையின் சான்றிதழைக் கேட்டு வாங்கினால் அதன் உரிமைக் கணக்கு (எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்ற எண்) ஒன்று கூடும். சரிபார்த்த பின் அதை விடுவிக்க மறப்பது இன்னொன்று.

கைப்பேசிகள் இணையும் ஒரு சிறு செய்திச் சர்வரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாளொன்றுக்கு 47 எம்பி ஏறியது. கோரிக்கைகளோடு ஒப்பிட்டேன், பொருந்தவில்லை: விடுமுறை நாளில் கோரிக்கை பாதியானது, ஏற்றம் குறையவில்லை. வெற்றிகரமான இணைப்புகளோடும் பொருந்தவில்லை. பதிவுக் கோப்பில் 'கைகுலுக்கல் (மறைகுறியாக்கிய இணைப்பைத் தொடங்கும் முதல் உரையாடல்) முடியவில்லை' என்ற வரி மட்டும் தினமும் ஏறத்தாழ 3,000 முறை வந்திருந்தது. 47 எம்பியை 3,000-ஆல் வகுத்தால் 16 கிலோபைட். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில் ஒரு ரெக்கார்டின், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின், உச்ச அளவு 16 கிலோபைட். அதே அளவில் ஒரு வாசிப்பு இடையகம் (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரலில் இருந்தது. வேறெங்கும் அந்த அளவில் ஒதுக்கீடு கிடையாது. இணைப்பை மூடும் செயற்கூறில் அந்த இடையகம் விடுவிக்கப்படுகிறது. ஆனால் கைகுலுக்கல் நடக்கும்போதே எதிர்முனை போய்விட்டால், அந்தச் செயற்கூறுக்குப் போகாமலேயே நிரல் திரும்பிவிடுகிறது. எந்தக் கருவியும் தொடாமல், ஒரு வகுத்தல் கணக்கு அந்த வரியைக் காட்டியது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் அமெரிக்கக் கிழக்குப் பகுதி மேகக் கணிமைச் சேவை முடங்கியதன் காரணத்தை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். தகவல் சேகரிக்கும் சர்வர் ஒன்று பழுதாகி மாற்றப்பட்டது. புதிய முகவரி எல்லா டிஎன்எஸ் சர்வர்களுக்கும் போய்ச் சேரவில்லை. சேமிப்புச் சர்வர்கள் சிலவற்றில் இருந்த சிறு முகவர் நிரல், இல்லாத பழைய சர்வரை விடாமல் தொடர்புகொண்டபடி இருந்தது. அந்தத் தோல்விப் பாதையில்தான் கசிவு இருந்தது. அந்தச் சர்வர்களின் நினைவகப் பயன்பாடு இயல்பாகவே ஏறி இறங்குவதால் எச்சரிக்கை மணியும் சரியாக அடிக்கவில்லை.

10. நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியை ஓட்டினேன். கடைசியில் 72,704 பைட் 'ஸ்டில் ரீச்சபிள்' என்கிறது. எங்கே தவறு செய்தேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. அந்த இடம், சி++ நூலகம் ராம் தீர்ந்த நிலையிலும் பிழைச் செய்தியை எறிய முடிய வேண்டும் என்பதற்காக நிரல் தொடங்கும்போதே எடுத்துவைக்கும் அவசரக் கையிருப்பு. ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்புக் காலத்திலிருந்து இதே எண்ணோடு பல பேர் பதறியிருக்கிறார்கள்.

வால்கிரைண்ட் தரும் வகைகளில் 'டெஃபனட்லி லாஸ்ட்' என்பதே முதலாம் கேள்வியில் சொன்ன அசல் கசிவு: முகவரியைக் கைக்கொண்ட யாரும் நிரலில் இல்லை. 'இன்டைரக்ட்லி' என்பது அதோடு சேர்ந்து போனது. முன்னதைச் சரிசெய்தால் இதுவும் போகும். 'ஸ்டில் ரீச்சபிள்' என்பது நிரல் முடியும்போதும் முகவரி கையில் இருந்தது என்று பொருள். ஒரே ஒரு முறை ஒதுக்கியதென்றால் விட்டுவிடலாம். அதே இடத்திலிருந்து 40,000 துண்டுகள் என்றால் விடக் கூடாது.

வால்கிரைண்டில் ஓட்டினால் நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். பிணைய நிரலுக்கு இது வெறும் பொறுமைப் பிரச்சினை அல்ல: எதிர்முனைகள் காத்திருந்து அறுந்துவிடும், நடக்கும் பாதையே மாறிவிடும். அந்த இடத்தில் கம்பைலரோடு வரும் அட்ரஸ் சானிடைசர் நல்லது. சுமார் இரண்டு மடங்கு மெதுவாவதோடு நின்றுவிடும்.

11. வால்கிரைண்ட் ஒரு கசிவும் இல்லை என்று சத்தியம் செய்கிறது. சர்வரோ வளர்ந்துகொண்டே போகிறது. யாரை நம்புவது?

இருவரையும். கரண்டி தொலையவில்லை, சமையல்காரர் எல்லாக் கரண்டிகளையும் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். முகவரிகள் எல்லாம் நிரலின் ஏதோ ஒரு பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து யாரும் எதையும் நீக்குவதில்லை. நிரலை நிறுத்தும்போது பட்டியல் மொத்தமும் ஒழுங்காக விடுவிக்கப்படுவதால் வால்கிரைண்ட் கண்ணுக்கு எல்லாம் சரி. எனக்கு வருகிற உண்மையான கசிவுகளில் பெரும்பான்மை இந்த வகை.

முதலில் பார்க்க வேண்டியது அனுப்பும் வரிசை. வாடிக்கையாளர் மெதுவாக வாசிக்கிறார், சர்வர் வேகமாக எழுதுகிறது, அனுப்பாத செய்திகள் ராமில் குவிகின்றன. வரிசைக்கு வரம்பு இல்லையென்றால் மெதுவான ஒரே ஒரு வாடிக்கையாளர் சர்வரைச் சாய்த்துவிடுவார். அடுத்து, காலாவதியே இல்லாத அமர்வுப் பட்டியல். அதற்கடுத்து, மூடப்படாத சாக்கெட்டுகள் (இணைப்பின் நம் பக்க முனைகள்): 'க்ளோஸ் வெயிட்' நிலையில் நிற்கும் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். எதிர்முனை மூடிவிட்டது, நம் நிரல் இன்னும் மூடவில்லை என்பது அதன் பொருள். அந்த எண்ணிக்கையும் நினைவகமும் கைகோத்து ஏறினால் தேடல் முடிந்தது.

இதற்கு உதவும் கருவி, முடிவில் கணக்குப் பார்ப்பதல்ல, ஓடும்போதே படம் எடுப்பது. வால்கிரைண்ட் தொகுப்பில் உள்ள மாசிஃப், அல்லது ஜெமல்லாக் நூலகத்தின் ஹீப் அளவி. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, எந்த வரி வாங்கிய இடம் கூடியிருக்கிறது என்று கழித்துப் பாருங்கள்.

12. எங்கள் சர்வர் ஜாவாவில் எழுதியது. குப்பை சேகரிப்பான் இருக்கும்போது கசிவு வர வழியே இல்லை அல்லவா?

யாரும் கையில் வைத்திராத இடத்தைச் சேகரிப்பான் தானாகவே விடுவித்துவிடுவதால் முதலாம் கேள்வியின் கசிவு வராது. பதினோராம் கேள்வியின் கசிவு தாராளமாக வரும். யாரோ கையில் வைத்திருப்பதைச் சேகரிப்பான் குப்பை என்று எடுத்துப் போகாது. ஹீப் படத்தை இறக்கி எந்த வகைப் பொருள் எண்ணிக்கையில் ஏறுகிறது என்று பார்க்கலாம்; பைத்தானில் 3.4 பதிப்பு முதல் ஒதுக்கீடுகளைத் தடம்பிடிக்கும் டிரேஸ்மல்லாக் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஜாவாவின் பிணைய நூலகங்கள் நேரடி இடையகங்களை ஹீப்புக்கு வெளியே வாங்குகின்றன. ஹீப் படத்தில் எல்லாம் சரியாக இருந்து, நிரலின் மொத்த அளவு மட்டும் ஏறினால் அங்கே தேடுங்கள்.

13. தினமும் இரவு மூன்று மணிக்கு ரீஸ்டார்ட் செய்துவிடுகிறோம். அது போதாதா?

தேடிக்கொண்டிருக்கும்போது போடும் கட்டாக அது நியாயமானது. அப்பாச்சி வலைச் சர்வரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: இத்தனை இணைப்புகளுக்குப் பிறகு குழந்தை நிரல் ஓய்வு பெற்றுப் புதியது பிறக்கும். கசிவைக் கட்டுக்குள் வைக்க என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கசியும் வேகம் மாறாது என்று யார் உத்தரவாதம் தந்தார்கள்? வேலை கூடினால் கசிவும் கூடும்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு 1992 நவம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு நின்றுபோனது. காரணம் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. சுமார் மூன்று வாரத்துக்கு முன்பு நடந்த வேலையின்போது நிரலாளர் ஒருவர் தவறுதலாக விட்டுவைத்த வரிகள், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் கோப்புச் சர்வரில் சிறிதளவு இடத்தைப் பிடித்து, விடுவிக்காமல் வைத்திருந்தன. மூன்று வாரத்தில் இடம் தீர்ந்தது. மாற்றுச் சர்வரும் பொறுப்பேற்கவில்லை. ஊழியர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ஒரு வண்டிக்கு ஆன இடம் மிகச் சிறிது. அந்தச் சிறிதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

14. கெர்னல் எங்கள் டேட்டாபேஸைக் கொன்றுவிட்டது. கசிவு டேட்டாபேஸில்தானே?

அவசியம் இல்லை. ராம் தீர்ந்ததும் கெர்னல் யாரை நிறுத்தினால் அதிக இடம் கிடைக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறது. கசிந்தவர் 1 ஜிபியோடு ஓரமாக நிற்க, நேர்மையாக 8 ஜிபி வைத்திருந்தவர் பலியாவது வழக்கம். கெர்னல் பதிவில் அந்த நேரத்தில் ஓடிய எல்லா நிரல்களின் அளவும் பட்டியலாக அச்சாகியிருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பதோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள்.

15. புகார் எழுதினால் நிரலாளர் "என் கணினியில் அப்படி இல்லையே" என்று மூடிவிடுகிறார். என்ன எழுதினால் கேட்பார்?

பதிப்பு எண், அமைப்புக் கோப்பு, ஒதுக்கீட்டு நூலகம் எது, நினைவக எண் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது, அதே நேரங்களில் இணைப்புகளும் பிழைகளும் எத்தனை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த எண்களை ஒரு வரியாக எழுதிவைக்கும் சிறு ஸ்கிரிப்ட்டை இன்றே ஓட விடுங்கள்; இரண்டு நாளில் உங்களிடம் இருப்பது புகார் அல்ல, சான்று. எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று தெரிந்தால் அதைப் போல் உதவுவது வேறில்லை. இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் பாதி, அதில் பாதி என்று பிரித்துக்கொண்டே போய்க் குற்றம் செய்த மாற்றத்தைப் பிடித்துவிடலாம்.

நிரலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கணினியில் வராததற்குக் காரணம், உங்கள் மேசையில் இணைப்பு அறுவதில்லை. புகார் தந்தவரின் வாடிக்கையாளர்கள் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மூடுவதற்கு முன் ஒருமுறை கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

16. சரிசெய்துவிட்டோம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். எந்தச் செயலால் கசிந்தது என்று தெரிந்த பின், அதை மட்டும் வேகமாகச் செய்து காட்டலாம். ஒன்பதாம் கேள்வியில் சொன்ன செய்திச் சர்வருக்கு, கைகுலுக்கலைத் தொடங்கிவிட்டு நடுவில் இணைப்பை அறுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். லட்சம் முறை ஓட விட்டோம். பழைய நிரலில் ஓட்டியது முதலில்; பிழையை நாமே வரவழைக்க முடிகிறதா என்று பார்க்காமல் புதியதை ஓட்டுவதில் பொருளில்லை. அது 1.5 ஜிபிக்குச் சற்று மேல் ஏறியது. லட்சத்தை 16 கிலோபைட்டால் பெருக்கினால் வருவதும் அதேதான்.

திருத்திய நிரல் முதல் ஆயிரத்தில் 3 எம்பி ஏறியது. மீதி 99,000 அறுப்புகளுக்கும் அங்கேயே நின்றது. திறந்திருந்த சாக்கெட்டுகள் தொடக்கத்தில் 11, முடிவில் 11. அந்த ஸ்கிரிப்ட் இப்போது அவர்களுடைய ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஓடுகிறது.